விலாங்கு, பனையேறி, சாரை, தேரை: நாம் தப்பாகவே புரிந்துவைத்திருப்பவை

பாம்புக்கு வாலும் மீனுக்குத் தலையும் காட்டும் என்று விலாங்கைப் பழிக்கிறோம். பாவம், அது அசல் மீன். தலைக்குப் பின்னால் செவுள் திறப்பும் முதுகு நெடுகத் துடுப்பும் இருக்கும். உருவத்தை மட்டும் பார்த்து இனம் பிரிப்பதுதான் முதல் தவறு. கடலில் இந்தத் தவறுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் அதிகம். வலையில் சேர்ந்து வரும் கடற்பாம்புக்குச் செவுள் கிடையாது, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். உடம்பெல்லாம் செதில், வால் மட்டும் துடுப்புபோல் தட்டை. நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் கடிக்கானது. கடற்பாம்புக் கடிக்கு அது உதவாது. அதனால் வலையிலிருந்து எடுக்கும்போது வெறுங்கையை நீட்டவே கூடாது.

'மீன் என்றால் செவுளால் மூச்சுவிடும்' என்று பள்ளியில் ஒப்பித்தோம். பனையேறிக் கெண்டையைப் பார்த்திருந்தால் அதோடு நிறுத்தியிருக்க மாட்டோம். 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, குளத்தோரப் பனையில், நீர்மட்டத்துக்கு சுமார் 5 அடி உயரத்தில், பட்டைப் பிளவில் ஒட்டியிருந்த இந்த மீனைப் பிடித்ததாக எழுதிவைத்தார். மரம் ஏறுமா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் செவுள் மூடியின் முட்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரத்தரையில் நகரும் என்பதில் சந்தேகமில்லை. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் அறை. வாயால் விழுங்கிய காற்றிலிருந்து உயிர்வளியை எடுப்பது அதுதான். மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே தடுத்து வைத்தால் இந்த மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடும்! விராலும் இப்படிக் காற்றைக் குடிப்பதுதான். வாளியில் விரால் வைத்திருப்பவர்கள் விளிம்புவரை நீர் நிரப்பி இறுக மூடிவிடாதீர்கள்.

'குளிர் ரத்தப் பிராணி' என்ற பெயரும் ஆளைக் குழப்பும். ரத்தம் சில்லென்று இருக்கும் என்று பொருளில்லை, உடம்புச் சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்றுதான் பொருள். வேலியில் வெயில் காயும் ஓணானின் உடம்பு நம் உடம்பளவு சூடாக இருக்கலாம்.

ஊர்வன எல்லாம் முட்டையிடும் என்பதும் சரியில்லை. கண்ணாடி விரியன் குட்டிதான் போடும். தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் என்பது கதை. மற்ற பிராணிகளைப்போல இயல்பாகவே பிறக்கும். சாரையும் நல்லபாம்பும் இணையும் என்பதும் அப்படித்தான். வயலில் தலைதூக்கி முறுக்கிக்கொண்டு நிற்கும் இரண்டும் பெரும்பாலும் ஆண் சாரைகள். பெண்ணுக்காக நடக்கும் பலப்பரீட்சை அது. அரணை கடித்தால் மரணம் என்று அடித்துக் கொல்கிறார்களே, அதற்கு விஷமே கிடையாது.

என்னை அதிகம் வருத்துவது தேரை விஷயம். பருப்பில்லாத தேங்காய் வந்தால் 'தேரை மோந்தது' என்கிறோம். தேரை அந்தக் காயின் பக்கமே போயிருக்காது. மகரந்தம் சரியாகச் சேராததோ, மரத்துக்குச் சத்துப் போதாததோ காரணமாக இருக்கும். தேங்காயோடு போனால் பரவாயில்லை. பிள்ளை மெலிந்து சவலையாகப் போனாலும் 'தேரை விழுந்துவிட்டது' என்று மந்திரிக்கத் தூக்கிப்போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஊட்டக்குறைவும் தொற்றும் அதற்குள் முற்றிவிடும். அந்தக் குழந்தையை அங்கன்வாடியில் எடை பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

தேரை வீட்டுக்குள் வருவது ஈரத்துக்கும் பூச்சிக்கும்தான். கிணற்றடியில் ஒன்று உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். தொண்டை விடாமல் துடிக்கும். மார்பை விரிக்க நம்மைப்போல விலா எலும்புக்கூடு இல்லாததால், வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கித்தான் நுரையீரலுக்குக் காற்றைத் தள்ளுகிறது. வயிற்றை ஈரத்தரையில் பரப்பி, அசையாமல் இருக்கும். வாயால் குடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. அப்போது அது அடிவயிற்றுத் தோலால் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.