நன்றி நோட்டு எழுதுவது எப்படி? முதன்முதலாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. யார் எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு செய்தார்கள் என்பது பைசா சுத்தமாக அதில் இருக்கும். ஆனால் அதே கல்யாணத்தில் விடிய விடிய காய் நறுக்கியவர் யார், கடைசிப் பந்தி முடியும்வரை சாப்பிடாமல் நின்றவர் யார் என்று எந்த நோட்டிலும் இல்லை. நாம் எழுதப்போவது அந்த இரண்டாவது நோட்டு.

திருக்குறளின் 11-வது அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது 'தேங்க்ஸ்' அல்ல. ஒருவர் நமக்குச் செய்த நல்லது. அறிதல் என்றால் அது நம் கண்ணில் பட்டிருப்பது. வாயால் சொல்வதெல்லாம் அப்புறம்.

படி 1: நோட்டும் நேரமும்

சாதாரண 80 பக்க கோடு போட்ட நோட்டு போதும். செல்போனிலும் எழுதலாம்தான். ஆனால் போனைக் கையில் எடுத்தால் வேறு எங்கேயோ போய்விடுவேன் என்று தெரிந்ததால் நான் நோட்டுக்கு வந்தேன்.

நேரத்தைத் தனியாகத் தேடாதீர்கள். ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு ஒட்டவையுங்கள். பாலுக்கு உறை ஊற்றி மூடி வைத்ததும் எழுதுவது என் வழக்கம். நோட்டும் பேனாவும் சமையலறை அலமாரியில்தான் இருக்கும்.

தினமும் எழுத வேண்டாம். முதல் தடவை நான் தினமும் எழுதினேன். ஒன்பதாம் நாள் 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று எழுதினேன். பத்தாம் நாள் 'மேற்படி' என்று எழுதினேன். அதோடு நோட்டு பரணுக்குப் போய்விட்டது. சோஞா லுபோமிர்ஸ்கி என்ற உளவியல் பேராசிரியரின் குழு ஆறு வாரம் நடத்திய ஆய்விலும் வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது; மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு சரிப்படுகிறது. உங்களுக்கு எந்தக் கிழமையோ அது.

படி 2: ஒரு வரியை எழுதுவது

முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

'பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நல்லவங்க.' இப்படி எழுதினால் அடுத்த வாரமும் இதையேதான் எழுதுவீர்கள். இதில் எந்த நாளும் இல்லை, எந்தச் செயலும் இல்லை. அதையே நான் இப்படி மாற்றினேன்:

'செவ்வாய் மத்தியானம் திடீர் மழை. மாடியில் காய்ந்த துணியைப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்து, மடித்து, எங்கள் வாசல் நாற்காலியில் வைத்திருந்தார். மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடியிருந்தது. அவருக்கு முழங்கால் வலி. இரண்டு மாடி ஏறியிருக்கிறார்.'

யார், என்ன செய்தார், அதற்காக அவருக்கு என்ன சிரமம். இந்த மூன்றும் இருந்தால் வரி தேறிவிட்டது. மூன்றாவதை எழுதும்போதுதான் மனசுக்குள் ஏதோ அசையும். அந்த இரண்டு மாடியை எழுதும்வரை நான் யோசித்தே பார்க்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மூன்று வரி போதும். ஒன்றுதான் கிடைத்ததா, சரி, ஒன்று.

இதனால் என்ன ஆகும்?

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, பத்து வாரம், வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றிக்குரியவற்றை எழுதியது, ஒரு குழு தொல்லைகளை எழுதியது, மூன்றாவது குழு வெறுமனே நடந்ததை எழுதியது. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கூடுதல் திருப்தியோடு பார்த்தார்கள். உடம்பு பற்றிய புகார்களும் அவர்களிடம் குறைவு. மாயமந்திரம் எதுவும் இல்லை, பலன் சிறியதுதான். ஆனால் செலவும் ஒரு நோட்டுதானே.

படி 3: எழுத ஒன்றுமே தோன்றாத வாரம்

அப்போது தலைகீழாக யோசியுங்கள். உங்களுக்கு நடந்த ஒரு நல்லதை எடுத்து, அது நடக்காமலே போயிருக்க எத்தனை வழி இருந்தது என்று எழுதுங்கள். எனக்கு முதல் வேலை கிடைத்தது ஒரு பேப்பர் விளம்பரத்தால். அதைக் கத்தரித்து வைத்திருந்து கொடுத்தவர் எங்கள் தெரு டெய்லர். அன்று அவர் கடைக்குச் சட்டை வாங்கப் போகாமல் இருந்திருந்தால்? அந்தப் பக்கத்தில் வடை மடித்து வந்திருந்தால்? நல்லது எப்படி நடந்தது என்று எழுதுவதைவிட, எப்படி நடக்காமல் போயிருக்கும் என்று எழுதுவது மனநிலையைக் கூடுதலாக உயர்த்துகிறது என்று 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றும் சொல்கிறது.

படி 4: வாய்விட்டுச் சொல்வது

நமக்கு இதுதான் கஷ்டம். அம்மாவிடம் போய் 'நன்றி அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். 'ஏன், உடம்பு சரியில்லையா?' என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். வீட்டுக்குள் அந்தச் சொல் அந்நியமாக ஒலிக்கிறது. அதை விட்டுவிடுங்கள், நோட்டில் எழுதிய வரியை அப்படியே சொல்லுங்கள். 'அக்கா, அன்னைக்கு அந்தக் கால் வலியோட மாடி ஏறி துணியை எடுத்தீங்களே, இல்லேன்னா மறுநாள் யூனிஃபார்ம் இல்லாம பிள்ளை ஸ்கூலுக்கே போயிருக்க மாட்டான்.' இவ்வளவுதான். அக்கா 'அட, இதுல என்ன இருக்கு' என்பார். ஆனால் முகத்தைப் பாருங்கள்.

சங்கடமாக இருக்குமோ என்று தயங்குகிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் அதைப் பெறுபவரின் சங்கடத்தைக் கூட்டியும் மகிழ்ச்சியைக் குறைத்தும் கணக்குப் போட்டிருந்தது தெரியவந்தது.

எங்கே எழுதக் கூடாது

மொய் திருப்பிச் செய்தே ஆக வேண்டியது. இந்த நோட்டு அப்படியல்ல, இது கடன் பட்டியல் இல்லை. 'நான்தானே உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன், நன்றி வேண்டாமா?' என்று ஒருவர் அதை வைத்தே உங்களை அடக்கினால், அவர் செய்த நல்லதை எழுதுங்கள். அடங்கிப் போக வேண்டியதில்லை. உங்களை அடிப்பவரிடமோ அவமானப்படுத்துபவரிடமோ நன்றிக்குரியதைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். கோபம் வந்த நாளில் கோபத்தை எழுதுங்கள். வாரக்கணக்காக எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கம் இல்லை என்றால் நோட்டை நம்பி உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில், அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில், தமிழிலும் பேசலாம்.

படி 5: இரண்டு மாதம் கழித்து

பழைய பக்கங்களைப் புரட்டி, ஆட்களை மட்டும் வட்டமிடுங்கள். அடிக்கடி வருபவர் யார் என்று தெரியும். நான் வட்டமிட்டபோது அண்ணனோ நண்பர்களோ முதலில் வரவில்லை. 'கேன் தம்பி' ஐந்து இடத்தில் இருந்தார். லிஃப்ட் ஓடாத நாளில் மூன்று மாடி தூக்கி வந்தவர், சில்லறை இல்லாதபோது 'அடுத்த தடவை குடுங்க' என்று போனவர். யார் என்று எழுத வேண்டிய இடத்தில் ஐந்து தடவையும் 'கேன் தம்பி' என்றே எழுதியிருக்கிறேன். இரண்டு வருஷமாகத் தண்ணீர் போடுகிறவர், பெயர் தெரியாது.

அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டேன். அன்று இரவு ஐந்து இடத்திலும் அடித்து, பெயரை எழுதினேன்.