சுடுமல்லி விதையை எழுப்பும் வேர்நீர்: கொடைக்கானல் குளிரில் செய்து பார்க்கும் முறை

சோள வேரைத் துளைத்து அதன் சத்தை உறிஞ்சி வாழும் சுடுமல்லியின் விதை, அரை மில்லிமீட்டருக்கும் சிறிய தூசி. முளைத்த சில நாட்களுக்குள் வேரைப் பற்றாவிட்டால் செத்துவிடும் என்பதால், அருகில் வேர் இருக்கும் தடயம் கிடைக்கும் வரை அது முளைப்பதில்லை. வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் வேதிப்பொருள்களே அந்தத் தடயம். இவற்றுள் முதலாவது 1966-இல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பருத்தியையோ சுடுமல்லி பற்றுவதேயில்லை.

பழனி அடிவாரச் சோளக்காடு எதிலாவது சுடுமல்லி தென்பட்டால், முற்றிய காய்களைக் காகித உறையில் சேகரித்துச் சில மாதங்கள் உலர்வாக வைத்திருங்கள். புதிய விதை முளைக்காது. காட்டை விட்டு வரும்போது செருப்பையும் உடையையும் நன்றாக உதறிவிடுங்கள், ஏனெனில் இவ்விதை மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

அடுத்து, ஈரமான வடிதாளில் விதையைத் தூவி, மூடிய தட்டில், இருட்டில், ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பத்து முதல் பதினான்கு நாட்கள் வைக்க வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் இந்தப் படியே கடினமானது. முதல்முறை சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றும் முளைக்காததற்கு விதையைக் குறை சொன்னேன். தட்டைக் கறுப்புத் தாளில் சுற்றி, சிறிய குண்டு பல்பு எரியும் தெர்மோகோல் பெட்டியில், வெப்பமானியைப் பார்த்தபடி வைத்த பிறகே காரியம் கைகூடியது.

விதையை இப்படி ஈரத்தில் வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே, கழுவிய ஆற்றுமணல் நிரப்பிய இரண்டு தொட்டிகளில் சோளம் விதையுங்கள். ஒன்றுக்கு வெறும் நீர். மற்றதற்குச் சூப்பர் பாஸ்பேட் கரைசல். மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, ஏங்கும் செடி, அதைத் தேடிக் கொண்டுவரும் வேர்ப்பூஞ்சையை அழைக்கவே ஸ்ட்ரைகோலாக்டோனை மிகுதியாகக் கசியவிடுகிறது. பூஞ்சை இதற்கு இணங்கிக் கிளைவிடுவது 2005-இல்தான் தெரியவந்தது. சுடுமல்லிக் களையோ அந்த அழைப்பை ஒட்டுக்கேட்கிறது. மணிச்சத்தை இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும் நம் மலையின் புளிப்புச் செம்மண்ணை அறிந்தவர்களுக்குச் செடியின் இந்த ஏக்கம் புதிதன்று.

சோளம் விதைத்து மூன்று வாரம் கழித்து, தொட்டிகளில் சிறிது நீர் ஊற்றி, அடியில் வடிவதைத் தனித்தனியே பிடியுங்கள். நீரில் இப்பொருள் சிதைந்துவிடும் என்பதால் அன்றே பயன்படுத்த வேண்டும். ஊறிய விதைகளை மூன்று தட்டுகளாகப் பிரித்து, இரண்டில் அந்தந்தத் தொட்டியின் வடிநீரையும், மூன்றாவதில் வெறும் நீரையும் சொட்டிவிட்டு, மீண்டும் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வெண்ணிற இழைகள் தெரியும். தட்டுக்கு நூறு விதையாக எண்ணுங்கள்; சூப்பர் பாஸ்பேட் பெறாத பட்டினித் தொட்டியின் நீருக்கே மிகுதியாக முளைத்திருக்க வேண்டும்.

எண்ணி முடித்ததும் தட்டுகளையும் தாள்களையும் கொதிநீரில் போட்டுக் காய்ச்சிய பின்னரே குப்பையில் சேர்க்க வேண்டும். எருக்குழியில் ஒருபோதும் கொட்டாதீர்கள்.