நாடக நடிகையின் பாட்டையும் வாழ்க்கையையும் பதிவு செய்ய

பங்குனி முதல் ஆடி வரை திருவிழாக் காலம். விடிய விடிய ஆடியவரை மறுநாள் பாடச் சொல்லாதீர்கள், தொண்டை கட்டியிருக்கும்.

தொண்டி, மண்டபம் போன்ற கடலோர ஊர்கள் பக்கம் பிற்பகல் கடற்காற்று மைக்கில் இரையும். உள்ளறையில் மின்விசிறியை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஒன்றரை அடியில் வையுங்கள். ஆர்மோனியம் நாலடி தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் குரலை அமுக்கிவிடும். எந்தக் கட்டையில் (சுருதியில்) பாடினார் என்பதைக் கட்டாயம் குறியுங்கள்.

பிறந்த வருஷத்தில் தொடங்கினால் பேச்சு நகராது. “முதல்ல வள்ளி வேஷம் எந்த ஊர்ல கட்டுனீங்கம்மா?” என்று கேளுங்கள், ராஜபார்ட் (கதாநாயகன்), நாரதர், பபூன் (கோமாளி) எல்லோரும் பேச்சில் தானாக வருவார்கள்.

எந்த வருஷம் நடித்தார் என்பதற்கு நாடக நோட்டீஸ்தான் நல்ல சான்று. வருஷம் இல்லாவிட்டாலும் தமிழ்த் தேதியும் கிழமையும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிடலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் பொருந்தினால், உடன் நடித்தவர்களின் பெயரை வைத்து முடிவு செய்யுங்கள். உப்புக் காற்றில் ஒட்டிய தாள்களைப் பிரிக்காதீர்கள், எழுத்தோடு கிழியும். மேல்தாளை மட்டும் படமெடுங்கள்.