கோலாப்பில் மாட்ஃப்ளோ: என் வகுப்பில் ஓட்டும் விதம்

நிலத்தடி நீர் மாதிரியாக்கம் நடத்துகிறவர்களுக்கு முதல் வகுப்பு எப்படிப் போகும் என்று தெரியும். ஒருவரிடம் விண்டோஸ், இன்னொருவரிடம் மேக், மூன்றாமவருக்குத் தன் கணினியில் எதையும் நிறுவ அனுமதியே இல்லை. இரண்டு மணி நேரம் ஓடிவிடும், நிலத்தடி நீரோட்டத்துக்கு அடிப்படையான டார்சி விதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம். இதில் சலித்துப்போய்த்தான் கூகுள் கோலாப்புக்கு மாறினேன். பைதான் நிரலை ‘நோட்புக்’ என்ற பக்கத்தில் எழுதி, கூகுளின் கணினியில் ஓட்டும் சேவை அது. பிரவுசர் இருந்தால் போதும், எல்லோருக்கும் ஒரே மாதிரி லினக்ஸ் கணினி கிடைத்துவிடுகிறது.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஃப்ளோபை வேறு, மாட்ஃப்ளோ வேறு. மாட்ஃப்ளோ என்பது நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிட அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 1980களிலிருந்து வளர்த்துவரும் ஃபோர்ட்ரான் நிரல். அதன் ஆறாம் பதிப்பு 2017இல் வந்தது. ஃப்ளோபை ஒரு பைதான் தொகுப்பு. அது உள்ளீட்டுக் கோப்புகளை எழுதும், மாட்ஃப்ளோவைக் கூப்பிடும், முடிவைப் படித்துத் தரும். கணக்கு போடுவது அது இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால், நோட்புக்குக்குள் ஏதோ மாயம் நடப்பதாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நிறுவ இரண்டு வரி போதும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், இங்கே ஒலிப்பை மட்டும் எழுதுகிறேன்.) நோட்புக்கின் முதல் செல்லில் (நிரலை எழுதும் பெட்டிக்குப் பெயர் அது) ஆச்சரியக்குறி போட்டு ‘பிப் இன்ஸ்டால் ஃப்ளோபை’. அப்புறம் கோலாப் கணினியில் இருக்கும் கன்டென்ட் கோப்புறைக்குள் ‘பின்’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி, ‘கெட்-மாட்ஃப்ளோ’ கட்டளைக்கு அந்தப் பாதையைக் கொடுங்கள். ஃப்ளோபையோடு சேர்ந்தே வரும் கட்டளை அது. லினக்ஸுக்கான நிரல்களை இறக்கி அங்கே வைத்துவிடும். மாதிரியை எழுதும்போது நிரலின் முழுப் பாதையையும் கொடுக்கச் சொல்கிறேன். குறுக்குவழிகள் உண்டு. ஆனால் நிரல் இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர், பின்னால் ‘நிரல் கிடைக்கவில்லை’ என்ற பிழை வரும்போது பதறுவதில்லை.

இந்த இடத்தில்தான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். முந்தின நாள் இரவு தனியாக ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. மறுநாள் வகுப்பே ஒரே நிமிடத்தில் அந்தச் செல்லை ஓட்டியது. பாதிப் பேருக்கு 403 என்ற பிழை. நிரல்கள் இருக்கும் தளம், கணக்கில் நுழையாமல் ஒரே இணைய முகவரியிலிருந்து வரும் கேள்விகளுக்கு மணிக்கு இத்தனை என்று வரம்பு வைத்திருக்கிறது. கிளவுட் கணினிகளோ முகவரிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. தவறு என்னுடையது, நாற்பது பேராக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் மாட்ஃப்ளோ நிரலை ஒருமுறை இறக்கி, பகிரப்பட்ட கூகுள் டிரைவ் கோப்புறையில் வைத்துவிடுகிறேன். மாணவர்கள் அங்கிருந்து நகலெடுப்பார்கள். நகலெடுத்த பிறகு ‘சிஎச்மாட்’ கட்டளையால் இயக்க அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். இதில் இன்னொரு லாபம், பருவம் முழுக்கப் பதிப்பு மாறாது. ஃப்ளோபைக்கும் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே நிறுவுங்கள்.

சரி, மாதிரிக்கு வருவோம். முதல் மாதிரி அசட்டுத்தனமாக எளிமையாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒரே அடுக்கு, 50 வரிசை, 50 நெடுவரிசை, ஒவ்வொரு கட்டமும் 20 மீட்டர். தடிமன் 20 மீட்டர், நீர் கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர். மேற்கு ஓரம் முழுக்க நீர்மட்டம் 20 மீட்டர், கிழக்கு ஓரம் 18 மீட்டர். தடிமன் மாறாத, அடைபட்ட நீர்த்தாங்கி (மேலும் கீழும் நீர் புகாத அடுக்கு), நேரத்தோடு மாறாத நிலையான ஓட்டம். (நோட்புக்கில் இருப்பதும் ‘செல்’, மாதிரியில் இருப்பதும் ‘செல்’ என்பதால் பெரும் குழப்பம் வந்தது. மாதிரியில் இருப்பதைக் ‘கட்டம்’ என்றே சொல்லிப் பழக்கிவிட்டேன்.)

ஓட்டும் முன் எல்லோரும் காகிதத்தில் கணக்குப் போட வேண்டும். டார்சி விதிப்படி கடத்துதிறன், தடிமன், அகலம், மட்ட வித்தியாசம் நான்கையும் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும்: 10 பெருக்கல் 20 பெருக்கல் 1000 பெருக்கல் 2, வகுத்தல் 1000. நாளுக்கு 400 கன மீட்டர். எழுதியாயிற்றா? இப்போது ஓட்டுங்கள். நீர்வரவு செலவு அட்டவணை 408.16 என்று காட்டும். வகுப்பு சலசலக்கும். ஒருவர் ‘கணினிப் பிழை’ என்பார், இன்னொருவர் ‘தோராயம்தானே’ என்பார். ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள். ஓரங்களில் நாம் கொடுத்த நிலைமட்டம் கட்டத்தின் ஓரத்தில் இல்லை, மையத்தில் இருக்கிறது. முதல் கட்ட மையத்துக்கும் கடைசிக் கட்ட மையத்துக்கும் இடையே 980 மீட்டர்தான் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். 4,00,000 வகுத்தல் 980, அதுதான் 408.16. நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இது இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

அடுத்து நடுவில் ஒரு கிணறு, நாளுக்கு 500 கன மீட்டர். மைனஸ் 500 என்று கொடுக்க வேண்டும். குறியை மறந்தவருக்கு நடுவில் நீர்மட்டம் மேடாக எழும்பும். படத்தைப் பார்த்து அவரே திருத்திக்கொள்வார். கிணற்றின் இடத்தை 25, 25 என்று கொடுத்தால், மாட்ஃப்ளோவின் உள்ளீட்டுக் கோப்பில் 26, 26 என்று இருக்கும். பைதான் சுழியத்திலிருந்து எண்ணுகிறது, மாட்ஃப்ளோ ஒன்றிலிருந்து. அந்தக் கோப்பைத் திறந்து காட்டுங்கள், அது வெறும் உரைக்கோப்புதான். மேற்கிலிருந்து வரவு 653 ஆக உயர்ந்து, கிழக்கே போவது 153 ஆகக் குறைந்திருக்கும். 500ஐக் கிணறு எங்கிருந்து எடுத்தது என்று அப்போது கேளுங்கள். கிழக்கே போய்க்கொண்டிருந்த நீரையும் அது மறித்திருக்கிறது என்பது பலருக்கு அங்கேதான் உறைக்கும். அந்தக் கட்டத்தில் வரும் நீர்மட்டம் கிணற்றுக்குள் இருக்கும் மட்டம் அல்ல. கிணற்றிலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அலகுகளைக் கவனிக்க மாட்ஃப்ளோவை நம்பாதீர்கள். நேரத்துக்கு ‘நாள்’ என்று எழுதுவது வெறும் பெயர்ப்பலகை, அது எதையும் மாற்றித் தராது. கடத்துதிறனை நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கிலும், இறைப்பை நாளுக்கு இத்தனை என்ற கணக்கிலும் ஒரு மாணவர் கொடுத்திருந்தார். நீர்மட்டம் ஒரு லட்சம் மீட்டருக்கும் கீழே, பூமியின் மேலோட்டையே தாண்டிப் போய்விட்டது. நிரல் அமைதியாக ‘இயல்பாக முடிந்தது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. அந்தப் படத்தை இன்றும் வகுப்பில் காட்டுகிறேன்.

சமமட்டக் கோடுகளைப் பைதானின் சாதாரண வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிபில் வரைந்தால் வடக்கு தெற்காகத் தலைகீழாகிவிடும், ஏனென்றால் மாட்ஃப்ளோவின் முதல் வரிசை வடக்கில் இருக்கிறது. எளிய மாதிரியில் இது தெரியவே தெரியாது, ஆறு ஒன்றைச் சேர்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஃப்ளோபையின் வரைபடக் கருவியையே பயன்படுத்துங்கள்.

செல்களை முன்னுக்குப்பின் ஓட்டி, பழைய மதிப்புகள் நினைவகத்தில் தங்கிவிடுவது நோட்புக்கின் தீராத தொல்லை. அதற்காக மாதிரி முழுவதையும் ஒரே ஃபங்ஷனுக்குள் வைத்து, இறைப்பின் அளவை மட்டும் வெளியிலிருந்து கொடுக்கிறேன். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் மாதிரி புதிதாகவே உருவாகும்.

முதல் நாளே சொல்ல வேண்டியவை இன்னும் சில. நோட்புக்கைத் திறந்ததும் தன் டிரைவில் ஒரு நகல் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் செய்த மாற்றம் எதுவும் நிற்காது. இலவச அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம். சும்மா விட்டால் அதற்கு முன்பே துண்டிக்கப்படும், கோப்புகளும் போய்விடும். ஆனால் அதற்குப் பயந்து மாதிரியை டிரைவ் கோப்புறைக்குள்ளேயே ஓட்டாதீர்கள், ஆமை வேகம்தான். கன்டென்ட் கோப்புறையில் ஓட்டி, முடிவை மட்டும் டிரைவுக்கு நகலெடுங்கள்.

வீட்டுப்பாடத்துக்கு நான் படங்களைக் கேட்பதில்லை. மாட்ஃப்ளோ எழுதும் பட்டியல் கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் வரவு செலவு அட்டவணையும், ஓட்டும் முன் கையால் போட்ட கணக்கின் புகைப்படமும் வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டாலும் மதிப்பெண் உண்டு, ஏன் பொருந்தவில்லை என்று ஒரு பத்தி எழுதியிருந்தால்.