மீனுக்குப் பூஜ்யம், மீன்கறிக்கு?

குளச்சல், தக்கலை பக்கமிருந்து உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் இப்போது கைபேசியில் புள்ளிக் கணக்கோடு வருகிறார்கள். எடை குறைக்க, ஒவ்வொரு உணவுக்கும் புள்ளி போட்டு நாளுக்கு இத்தனைதான் என்று நிறுத்திக்கொள்ளும் முறை அது. நல்லதுதான், ஆனால் கணக்கில் சில தவறுகளும் வருகின்றன. குறிக்க மறப்பது, ஞாயிற்றுக்கிழமை கணக்கை விட்டுவிடுவது பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

கறியின் பெயருக்குப் புள்ளி போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். இந்தப் புள்ளி முறையை நடத்தும் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2015-இல் மாற்றிய முறையில் சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் புள்ளியை ஏற்றும், புரதம் இறக்கும். கலோரி ஒன்றாகவே இருந்தாலும் கடலைக்குழம்பும் கேக்கும் ஒரே புள்ளி பெறாது. நம் கையை நல்ல உணவின் பக்கம் திருப்புவது இந்த வித்தியாசம்தான். 2017-இல் மீனும் முட்டையும் புள்ளியே போட வேண்டாத பூஜ்யப் பட்டியலில் சேர்ந்தன. வந்தது வினை!

"அக்கா, மத்தியானம் சாளைக்கறிதான், சோறு ஒரு கரண்டிதான். பின்ன ஏன் எடை குறையல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். கறிக்கு எவ்வளவு தேங்காய் என்றேன். "ஒரு முழுத் தேங்காய், நாலு பேருக்கு." சரி, மீன் பூஜ்யம்தான். ஆனால் நூறு கிராம் தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய 350 கலோரி. கொழுப்பு முப்பது கிராமுக்கு மேல், அதில் பெரும்பகுதி நிறைவுற்றது. தாளித்த தேங்காய் எண்ணெய் வேறு, ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. அவள் செயலியில் 'மீன் குழம்பு' என்று தேடி, முதலில் வந்த எண்ணை எடுத்திருக்கிறாள். அது எந்த ஊர்க் குழம்போ! நம் ஊர் அரைப்பு அதற்குத் தெரியுமா?

அம்மியோ மிக்சியோ, அரைக்கும் முன்பே துருவலை எடை போடுங்கள். எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். மொத்தப் புள்ளியை ஆள்கணக்கில் வகுத்துக்கொள்ளுங்கள். அவியலுக்கும் தீயலுக்கும் இதே கணக்குதான். வாரத்தில் சில நாள் தேங்காய் அரைக்காமல் புளியும் மிளகாயும் மட்டும் போட்டு மீன்கறி வைத்தால் புள்ளி தானாகவே இறங்கும். தேங்காயை அடியோடு விடச் சொல்லவில்லை. சொன்னால் இந்த மாவட்டத்தில் யார் கேட்பார்கள்?

பழச்சாறு

பழத்துக்குத்தான் பூஜ்யம், சாறுக்கு இல்லை.

கருப்பட்டிக் காபி

கருப்பட்டியும் சர்க்கரைதான். குறித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலத்துக்குச் சேர்த்து வைப்பது

மத்தியானம் பட்டினி கிடந்து, மிச்சம் பிடித்த புள்ளியில் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு. பசியோடு பொட்டலத்தைப் பிரித்தால் கணக்கு நிற்காது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட வேண்டாம்.