சந்தா நினைவூட்டல் யாருக்குப் போகக் கூடாது? உறுப்பினர் அமைப்புகளுக்கான விலக்குப் பட்டியல்

சந்தாவை நம்பி நடக்கும் அமைப்புகளுக்கு ஏப்ரல் முதல் வாரம் பரபரப்பான காலம். மார்ச் 31-ஆம் தேதியுடன் சந்தா ஆண்டு முடிந்திருக்கும். புதுப்பிக்காதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்யும். இன்று மாலைக்குள் மெயில் போய்விட வேண்டும் என்று செயலாளர் சொல்வார். மயிலாப்பூரில் உள்ள ஓர் இசைச் சபாவில் அந்த மெயிலை அனுப்பும் பொறுப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது பத்து நிமிட வேலை. அந்தத் தேர்வுக்குள் வந்துவிட்டவர்களில் யாருக்கெல்லாம் போகக் கூடாது என்று பிரித்தெடுப்பதுதான் நேரமும் நிதானமும் கேட்கும் வேலை. வாசகர் வட்டம், பழைய மாணவர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் என எந்த அமைப்புக்கும் இந்த முறை பொருந்தும்.

நிலையான விலக்கும் தற்காலிக விலக்கும்

முதலில் இரண்டு வகை விலக்குகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இறந்துபோனவர்கள், மெயில் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்கள், மின்னஞ்சல் முகவரி செயலிழந்துபோனவர்கள் ஆகியோர் எந்தப் பிரசார மெயிலிலும் வரக் கூடாதவர்கள். இது நிலையான விலக்கு. போன வாரமே காசோலை கொடுத்து அது இன்னும் பதிவேட்டில் ஏறாதவர்கள், இருக்கை ஒதுக்கீடு குறித்துப் புகார் கொடுத்துவிட்டுச் செயற்குழுவின் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் போன்றோர் இந்த ஒரு மெயிலில் மட்டும் வரக் கூடாதவர்கள். இது தற்காலிக விலக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒருவருடைய பெயர் ஏன் அதில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் உறுப்பினர் எண், விலக்கின் காரணம், தேதி, பதிவு செய்தவர் யார் என்ற நான்கு விவரங்களும் இருக்க வேண்டும். தற்காலிக விலக்காக இருந்தால், அது எந்தத் தேதியுடன் முடிகிறது என்பதும் இருக்க வேண்டும்.

விலக்க வேண்டியவரைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அழித்த பெயர் திரும்பி வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய எக்செல் கோப்பு ஒன்றை யாரோ நல்லெண்ணத்துடன் மீண்டும் ஏற்றும்போது, அழிக்கப்பட்டவர் புதிய உறுப்பினரைப் போலப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் வேண்டாம் என்று சொன்னதற்கான தடயமே இருக்காது. பெயரை வைத்துக்கொண்டு, அதன்மீது குறியீடு இடுவதே பாதுகாப்பானது.

வேண்டாம் என்ற சொல் எந்த வழியில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மெயிலின் அடியில் உள்ள அன்சப்ஸ்கிரைப் இணைப்பை அழுத்துவோர் ஒரு பகுதியினர்தான். எங்கள் சபாவின் மூத்த உறுப்பினர்கள் கச்சேரி இடைவேளையில் கேன்டீன் வாசலில் நிறுத்தி, “எனக்கு மெயில் போடாதீங்கோ, எல்லாத்தையும் பையன்தான் பார்க்கறான்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சொல்லும் முழுமையான கோரிக்கைதான். கேட்டவர் அன்றிரவே அதைப் பட்டியலில் ஏற்றாவிட்டால் அந்தக் கோரிக்கை காற்றோடு போய்விடும். இதற்காகவே அலுவலக மேசையில் ஒரு நோட்டு வைத்து, வாரம் ஒருமுறை அதைப் பட்டியலில் ஏற்றும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படைத்திருக்கிறோம்.

அந்த நோட்டு வருவதற்கு முன்பு நடந்தது எனக்கு மறக்காது. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் ஜனவரியில் காலமானார். அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்து தெரிவித்தார். சந்தாப் பதிவேட்டில் ஓரமாகப் பென்சிலால் குறித்தும் வைத்தார்கள். நான் பயன்படுத்திய எக்செல் கோப்பு வேறு. ஏப்ரலில் அவருடைய முகவரிக்கு, இந்த ஆண்டும் உங்களை முன்வரிசையில் காண ஆவலாக இருக்கிறோம் என்ற மெயில் போனது. மறுநாள் காலை, பதிவேட்டில் எழுதச் சொல்லியிருந்தேனே என்று மட்டும் கேட்டு அந்த அம்மாளிடமிருந்து பதில் வந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல், இறப்புச் செய்தி வந்தால் அன்றைக்கே விலக்குப் பட்டியலில் ஏறிவிட வேண்டும் என்பதில் எந்தச் சமாதானத்தையும் நான் ஏற்பதில்லை. குடும்ப உறுப்பினர் திட்டமாக இருந்தால், கணவருடைய பெயரை விலக்கும்போது மனைவியின் உறுப்பினர் உரிமை தானாக நின்றுவிடக் கூடாது. சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசி, அவருடைய பெயருக்கு மாற்றித் தர வேண்டும்.

பெயரை நம்ப வேண்டாம், எண்ணை நம்புங்கள்

விலக்குப் பட்டியலையும் அனுப்பும் பட்டியலையும் எதை வைத்து ஒப்பிடுவது என்பது அடுத்த கேள்வி. பெயரை வைத்து ஒப்பிட்டால் நம்மூரில் நிச்சயம் தவறும். தலைப்பெழுத்து ஒரு தாளில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். லட்சுமி என்றும் லக்ஷ்மி என்றும் இலட்சுமி என்றும் ஒரே அம்மாளின் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நான்கு விதம் சேர்ந்துகொள்ளும். மின்னஞ்சல் முகவரியும் முழு நம்பிக்கைக்கு உரியது இல்லை. ஜிமெயில் முகவரியில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெயில் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஆனால் எக்செலுக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். எனவே உறுப்பினர் எண்ணே முதல் அடையாளம். முகவரியை இரண்டாவது சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வது சென்னையில் சாதாரணம். அடையாறில் இருக்கும் பெற்றோர் இருவரும் வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய முகவரியைக் கொடுத்திருப்பார்கள். தந்தை நன்கொடை வேண்டுகோள் வேண்டாம் என்கிறார், தாய் எதுவும் சொல்லவில்லை என்றால், தாயின் பெயரில் போகும் மெயில் அதே பெட்டியில்தான் விழும். இத்தகைய இடத்தில் அந்த முகவரிக்கே அந்த வகை மெயிலை நிறுத்திவிட்டு, தாயிடம் தொலைபேசியில் கேட்பது என் வழக்கம். மாறாக, முகவரியை வைத்து மட்டும் விலக்கினால், தந்தைக்காகச் செய்த விலக்கு தாய்க்கு வர வேண்டிய நிகழ்ச்சி நிரலையும் சேர்த்து நிறுத்திவிடும். விலக்கு ஒரு மனிதருக்கா, ஒரு முகவரிக்கா, எந்த வகை மெயிலுக்கு என்பதைக் காரணத்துக்கான கட்டத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நன்கொடை வேண்டாம் என்பவர்களில் பலர் மார்கழி நிகழ்ச்சி நிரலுக்கு ஆவலுடன் காத்திருப்பவர்கள்.

கருவியில் செய்யும் முறை

எக்செல் மட்டும் வைத்திருப்பவர்கள், அனுப்பும் பட்டியலை ஒரு தாளிலும் விலக்குப் பட்டியலை மற்றொரு தாளிலும் வைத்து, கவுண்ட்இஃப் சூத்திரத்தால் ஒவ்வோர் உறுப்பினர் எண்ணும் விலக்குத் தாளில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் செய்யலாம். பூஜ்யம் வந்தால் அனுப்பலாம். ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் அனுப்பக் கூடாது. சூத்திரம் போடுவதற்கு முன் டிரிம் சூத்திரத்தால் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் இருந்தாலே பொருத்தம் தவறிவிடும். ஜிமெயிலில் பிசிசி (பெறுவோர் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத முறை) போட்டு அனுப்பும் அமைப்புகள், பழைய மெயிலைத் திறந்து அதே முகவரிகளை மறுபடி பயன்படுத்தவே கூடாது. அந்தப் பழைய பட்டியலில் அதற்குப் பிறகு வந்த விலக்கு எதுவும் இருக்காது. சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர் என்ற வரம்பும் உண்டு.

மொத்தமாக மெயில் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் போன்ற சேவையில் செக்மென்ட், அதாவது நிபந்தனைகளால் பிரித்தெடுத்த குழு, அமைக்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. ‘பணம் கட்டியவர்’ என்ற டேக் (குறிச்சொல்) இல்லாதவர், ‘புகார் நிலுவை’ என்ற டேக் இல்லாதவர் என்று இரண்டு நிபந்தனைகள் போடுவோம். அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்று அமைத்துவிட்டால், பணம் கட்டிய ஒருவருக்குப் புகார் டேக் இல்லாததால் இரண்டாவது நிபந்தனை பொருந்தி, அவர் உள்ளே வந்துவிடுவார். இரண்டு டேக்குகளும் உள்ளவர் மட்டுமே வெளியே நிற்பார். விலக்கு நிபந்தனைகள் அனைத்தும் பொருந்த வேண்டும் என்ற அமைப்பையே எப்போதும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே சேவையில் தனித்தனி ஆடியன்ஸ்களாக, அதாவது தனித்தனிப் பட்டியல்களாக, உறுப்பினர்களைப் பிரித்து வைப்பதும் ஆபத்து. ஒன்றில் விலகியவர் மற்றொன்றில் விலகியவராகக் கருதப்பட மாட்டார். ஒரே ஆடியன்ஸ் வைத்து டேக்குகளால் பிரிப்பதே சரி.

இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருளான சிவிசிஆர்எம் உறுப்பினர் அமைப்புகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. அதில் மெயில் தயாரிக்கும் திரையிலேயே சேர்க்க வேண்டிய குழுவையும் விலக்க வேண்டிய குழுவையும் குறிப்பிடலாம். இரண்டிலும் இருப்பவருக்கு மெயில் போகாது. இறந்தவர் என்று குறிக்கப்பட்டவரையும், மொத்த மெயில் வேண்டாம் என்றவரையும், முகவரி நிறுத்திவைக்கப்பட்டவரையும் அது தானாகவே விட்டுவிடும். மொத்த மெயில் வேண்டாம் என்பதும், மெயிலே வேண்டாம் என்பதும் அதில் இரு வேறு குறிகள். முதலாவது குறி இருந்தாலும் தனிப்பட்ட கடிதம் அனுப்பலாம்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,200 பேர் கொண்ட ஒரு சபாவில் புதுப்பிக்காதவர்கள் 310 பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணுக்குள் ஆயுள் உறுப்பினர்கள் வந்திருக்கக் கூடாது. இந்த ஆண்டு பணம் கட்டாதவர் என்று மட்டும் தேடினால் அவர்கள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள் என்பதால் உறுப்பினர் வகையையும் சேர்த்தே தேட வேண்டும். அந்த 310 பேரில் இறந்தவர்கள் 6, வேண்டாம் என்றவர்கள் 22, முகவரி செயலிழந்தவர்கள் 15, பணம் கட்டியும் பதிவாகாதவர்கள் 34, புகார் நிலுவையில் உள்ளவர்கள் 3 என மொத்தம் 80. இவர்களில் 5 பேர் இரண்டு பட்டியல்களில் இருந்தால் உண்மையில் விலக்கப்படுவோர் 75 பேர். மெயில் போக வேண்டியது 235 பேருக்கு. இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே கருவியின் திரையைப் பார்க்க வேண்டும். திரையில் 310 என்று இருந்தால் விலக்கு வேலை செய்யவில்லை. 230 என்று இருந்தால் 5 பேர் இரண்டு முறை கழிக்கப்பட்டிருக்கிறார்கள் அல்லது பகிர்ந்த முகவரிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எது என்று தெரிந்துகொண்டே அனுப்ப வேண்டும். அதன் பிறகு விலக்கப்பட்டவர்களில் மூன்று பேரின் எண்களை எடுத்து, இறுதிப் பட்டியலில் அவர்கள் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்வேன்.

எதை விலக்கக் கூடாது

பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு, தேர்தல் அறிவிப்பு, அரங்க மாற்றம், புயல் மழையால் நிகழ்ச்சி ரத்து போன்றவை பிரசாரம் ஆகா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி போன்ற பகுதிகளில் தண்ணீர் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாளில் ரத்துச் செய்தி, நன்கொடை மெயில் வேண்டாம் என்றவருக்கும் போய்ச் சேர வேண்டும். வாக்குரிமை உள்ள உறுப்பினருக்குக் கூட்ட அறிவிப்பு போகாமல் நின்றால், கூட்டத்தின் தீர்மானத்தையே கேள்வி கேட்க இடம் கொடுத்தது போலாகும். ஆகவே மெயிலே வேண்டாம் என்றவருக்கும் முகவரி செயலிழந்தவருக்கும் இந்த அறிவிப்புகளைத் தபாலில் அனுப்ப ஏற்பாடு இருக்க வேண்டும். அதே சமயம், கூட்ட அறிவிப்பின் அடியில் நன்கொடை வேண்டுகோளைச் சொருகுவது முறையற்றது. விலகியவருக்குப் பின்வாசல் வழியாகப் பிரசாரத்தைத் திணிப்பதாகவே அது முடியும்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கூகுளும் யாஹூவும் 2024 முதல் பெருமளவில் மெயில் அனுப்புவோருக்கு ஒரே அழுத்தலில் விலகும் வசதியைக் கட்டாயமாக்கி, விலகல் கோரிக்கையை இரண்டு நாட்களுக்குள் நிறைவேற்றச் சொல்கின்றன. ஸ்பேம் புகார்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பதும் அவற்றின் நிபந்தனை. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில் அனுப்புவோரையே கூகுள் பெரிய அனுப்புநர் என்கிறது, நம் அமைப்புகள் அந்த அளவுக்கு வருவதில்லை. ஆனாலும் 300 பேருக்கு அனுப்பிய மெயிலை ஒரே ஒருவர் ஸ்பேம் என்று குறித்தாலே 0.33 சதவீதம் ஆகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லியும் மெயில் வருகிறவர்தான் அந்தப் பொத்தானை அழுத்துவார்.

அனுப்பிய மறுநாள்

மெயில் போன மறுநாள், திரும்பி வந்தவற்றைப் பார்க்க வேண்டும். 550 என்ற பிழை எண்ணுடன் தொடங்கி, அப்படி ஒரு பயனர் இல்லை என்று வந்தால் முகவரி செயலிழந்தது. நிலையான விலக்கில் ஏற்றிவிட்டு, அந்த உறுப்பினரைத் தொலைபேசியில் அழைத்துப் புதிய முகவரி கேட்க வேண்டும். பெட்டி நிரம்பியிருக்கிறது என்று வந்தால் உடனே விலக்க வேண்டாம். மூன்று முறை அப்படியே வந்த பிறகு விலக்கலாம்.

அதே நாளில் செய்ய வேண்டிய இன்னொரு வேலையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ‘பணம் கட்டியவர்’, ‘புகார் நிலுவை’ ஆகிய தற்காலிக டேக்குகளைப் பார்த்து, முடிவுத் தேதி கடந்தவற்றை நீக்க வேண்டும். இந்த ஏப்ரலில் காசோலை கொடுத்தவர்மீது அந்த டேக் அப்படியே தங்கிவிட்டால், அடுத்த ஏப்ரலில் அவருக்கு நினைவூட்டலே போகாது; சந்தா விட்டுப்போய், மார்கழியில் அரங்க வாசலில் வந்து நிற்கும்போதுதான் அவருக்கும் நமக்கும் அது தெரியவரும்.