சாப்பிட்டாயிற்றா? அப்போ செருப்பை மாட்டுங்கள்

எங்கள் ரங்கூனில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் முதலில் வரும் கேள்வி "தமின் சா பீ பீலா?" என்பதுதான். சோறு சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். நம் வீடுகளிலும் அதே கேள்வி, பாஷை மட்டும் வேறு. இப்போதெல்லாம் இரவில் இந்தக் கேள்வி காதில் விழுந்தால் என் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. சாப்பிட்டதும் பத்து நிமிட நடை, அவ்வளவுதான் நான் சொல்லப்போவது. ஆனால் அதை நாள் தவறாமல் நடத்திக்கொண்டு போவதில் சில பக்குவங்கள் இருக்கின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் அவற்றை எழுதிவைக்கிறேன்.

எனக்கு 56 வயது. பயின்னௌங் சந்தையில் பருப்புத் தரகுக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சென்னைக்குக் கப்பல் ஏறும் உளுந்தை இங்கே மட்பே என்போம். மூட்டை, எடை, விலை என்று காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன். வீடு வந்து எட்டு மணிக்கு வயிறு நிறையச் சோறு, பிறகு நாற்காலி, பிறகு படுக்கை. உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்பார் அம்மா. சர்க்கரை வந்திருக்கிறது என்று சொன்ன டாக்டர் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். விடிகாலையில் கண்டோஜி ஏரிக்கரைக்குப் போய் நடக்கப் பார்த்தேன். மூன்று தடவை தொடங்கினேன், மூன்று தடவையும் இரண்டாவது வாரத்தில் நின்றுபோயிற்று.

மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வை அவள்தான் படித்துச் சொன்னாள். டைப் 2 சர்க்கரை உள்ள 41 பேர். இரண்டு வாரம், தோன்றிய நேரத்தில் நாளுக்கு 30 நிமிடம் நடந்தார்கள். இன்னொரு இரண்டு வாரம், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடமாக நடந்தார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் பிரித்து நடந்தபோது, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டை மட்டும் பார்த்தால் 22 சதவீதம். அவர்களுக்கும் மாவுச்சத்து அதிகம் சேரும் வேளை இரவுதான், அதன்பின் உட்கார்ந்தே கிடப்பதும் இரவில்தான். என் வீட்டை எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது எனக்கு.

காரணம் எளிது. சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை உச்சிக்கு ஏறும். நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரிகின்றன. அப்படி வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக எடுபடாத உடம்பிலும், ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஏறும் நேரத்தில் நடந்தால்தான் பலன் கூடுதல். படுக்கப் போகுமுன் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கை கழுவிய ஈரம் காயுமுன் கிளம்புங்கள்.

மூன்று வேளையும் நடக்க முடிந்தால் நல்லது. ஆனால் தொடக்கத்தில் இரவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பகலில் வேலை நம் கையில் இல்லை.

அடுத்து, "இனிமேல் நடக்கணும்" என்று மனதில் நினைப்பதோடு விடாமல், எதை முடித்ததும், எங்கே நடக்கப்போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பிரிட்டனில் 248 மாணவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. உடற்பயிற்சியின் நன்மைகளைப் படிக்கக் கொடுத்த குழுவில், அடுத்த வாரம் பயிற்சி செய்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள். ஒன்றும் கொடுக்காத குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதவும் வைத்த குழுவில் 91 சதவீதம் பேர் செய்துவிட்டார்கள். நம்மில் யாருக்கும் நடப்பது நல்லது என்று தெரியாமல் இல்லை, பாருங்கள். சுவர் நாட்காட்டியில் நான் எழுதிய வரி இது: "தட்டைத் தொட்டியில் போட்டதும் செருப்பை மாட்டி, தெருக்கோடி வரை நான்கு முறை போய்த் திரும்புவேன்." மணி எதுவும் எழுதவில்லை. இங்கே கரண்ட் வருவதைப் பொறுத்துத்தான் சமையல். சாப்பாடு ஒரு நாள் ஏழுக்கு, ஒரு நாள் எட்டரைக்கு. மணியில் கட்டினால் அறுந்துவிடும். தட்டில் கட்டினால் அறாது.

செருப்பைக் கதவருகே, கால் நுழைக்கும் திசையில் வையுங்கள். ஒரு செருப்புக்குள் டார்ச் லைட்டை வையுங்கள். இருட்டில் டார்ச்சைத் தேட ஆரம்பித்தால் அந்த இரண்டு நிமிடத்தில் மனசு மாறிவிடும்.

இன்னொருவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் பர்மாக்கார அம்மாளை அமா என்று கூப்பிடுவேன், அக்கா என்பதுதான். "நான் இறங்கி வந்தால் சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள்" என்று சொல்லிவைத்தேன். தினமும் "தமின் சா பீ பீலா?" என்பார். "சா பீ பீ" என்று சொல்லிவிட்டு நடப்பேன். ரங்கூன் பழைய கட்டடங்களில் பால்கனியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே மணி. பால், பேப்பர், சாமான் எல்லாம் அதில்தான் மேலே வரும். ஒரு நாள் அசதியில் நான் இறங்கவில்லை. எட்டே முக்காலுக்கு மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் அமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இறங்கிப் போனேன்.

சோம்பலை வெல்ல ஆள் வேண்டும் என்று மட்டும் இதைச் சொல்லவில்லை. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்குப் பிறகு எங்கள் தெருக்கள் இரவில் சீக்கிரம் அடங்கிவிடுகின்றன. நாம் வெளியே இருப்பது ஒருவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. நேரமானால் தெருவே வேண்டாம்.

தெரு நாய்கள் இன்னொரு தொல்லை. குடையைக் கையில் வைத்திருங்கள், ஓடாதீர்கள். கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

மழைக்காலம்தான் பலரையும் நிறுத்திவிடுகிறது. ஆனி, ஆடியில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்கு வீட்டுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இங்கே நகர நடுவில் அறைகள் பெரும்பாலும் பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. பாத்திரம் பண்டம் போக நாற்பது அடி நேர்வழி கிடைக்கும். முன்பக்கம் சாமி மாடத்திலிருந்து பின்பக்கம் அடுப்படி வரை போய்வந்தால் எண்பது அடி. இருபத்தைந்து முறை போய்வந்தால் ஏறக்குறைய 600 மீட்டர், சாதாரண நடையில் பத்து நிமிடம். எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் ஒரு கிண்ணத்தில் 25 கொண்டைக்கடலை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடுவேன். கரண்ட் இல்லாத இரவில் அந்தக் கடலை விழும் சத்தத்தைக் கேட்டே என் மனைவி எத்தனை சுற்று என்று சொல்லிவிடுவாள்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 84 நாள் கவனித்துப் பார்த்தார்கள். சாப்பாடு, குடிப்பது, உடற்பயிற்சி இவற்றில் ஒன்றைத் தினம் ஒரே சந்தர்ப்பத்தில் செய்யச் சொன்னார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுவான கணக்கு 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு மிகவும் உதவியது இந்தக் கடைசிச் செய்திதான். முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் "சரி, போயிற்று" என்று மொத்தமாக விட்டுவிடுவேன். சித்திரைப் பிறப்பும் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வரும். அது முடிந்த மறுநாள் தொடங்கினேன். ஆனி மாதம் பாதி போனபிறகுதான் யோசிக்காமல் கிளம்பினேன். நடுவே ஆறேழு நாள் விட்டுப்போயிருக்கும்.

பத்தாயிரம் அடி நடக்கவேண்டுமே என்று மலைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைப் பார்த்ததில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500க்கு மேல் பலன் ஏறவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் நடந்திருக்கலாம், அதையும் மனதில் வைக்கவேண்டும். ஆனாலும் கொஞ்சம் நடப்பதை யாரும் அற்பமாக நினைக்கவேண்டாம்.

கடையில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் எழுந்து நடங்கள். அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தார் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் சொன்னது இது: சும்மா எழுந்து நிற்பதும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும், இடையிடையே மெதுவாக நடப்பது அதைவிட நன்றாகக் குறைக்கும். நான் மூட்டை எண்ணிக்கையைப் பையனை அனுப்பிப் பார்க்காமல் நானே கிடங்குக்குப் போய்ப் பார்க்கிறேன். நம் பஸ்களில் முன்பு டிக்கெட் காசு வாங்குபவரை ஸ்பெயர் என்போமே, லண்டனில் அதே வேலை செய்தவர்களை 1953இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவு.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: சோற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நியூயார்க்கில் 2015இல் செய்த சின்ன ஆய்வு, 11 பேர்தான். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கால் மணி நேரம் கழித்து என்று கொடுத்தபோது, ஒரு மணி நேரத்தில் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. நமக்கு இது கஷ்டமே இல்லை. புளிச்சக்கீரையை இங்கே சின்பாவுங் என்று வறுக்கிறார்கள். அதையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போகிறேன். சோற்றின் அளவு தானாகக் குறைந்தது. நடை முடியும் இடம் தேநீர்க் கடையாக இருக்கவேண்டாம். பாலும் தித்திப்பும் தூக்கலான சோ செய்ன் ஒன்று போதும், நடந்தது வீணாக. உட்கார்ந்தே தீரவேண்டுமானால் மேசையில் காசில்லாமல் வைத்திருக்கும் பச்சைத் தேநீரைக் குடியுங்கள்.

பலன் இருக்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் விலை ஏறிக்கிடப்பதால் தினமும் குத்தவேண்டாம். நான்கு இரவு, ஒரே அளவு சோறு, ஒரே குழம்பு. இரண்டு இரவு உட்கார்ந்திருங்கள், இரண்டு இரவு நடங்கள். முதல் கவளத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எனக்கு உட்கார்ந்த இரவுகளில் 236, 228. நடந்த இரவுகளில் 189, 201. ஆளுக்கு ஆள் மாறும், ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, கண் இருட்டு வந்தால் உடனே வாயில் போடுங்கள். நடக்கையில் நெஞ்சு அடைத்தால் நடையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாகக் கால். வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள் நடக்கும்போதும் மெல்லிய செருப்பு வேண்டும். எங்கள் நடைபாதைக் கல் பாதி உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். திரும்பி வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். போன மழைக்காலத்தில் ஒரு இரவு என் மனைவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வலது குதிகாலில் ஏதோ மின்னுகிறது என்றாள். மூட்டை தைக்கும் ஊசியின் முறிந்த நுனி, அரிசி நீளம். எப்போது ஏறியது என்றே தெரியவில்லை, வலிக்கவும் இல்லை. மறுநாள் காலை டாக்டரிடம் போனோம். ஆறும்வரை பதினோரு நாள் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு தட்டைத் தொட்டியில் போட்டேன், கீழேயிருந்து மணி அடித்தது.